தாது வருஷப் பஞ்சத்தில் பிள்ளைகள் மட்டும் எஞ்சிய வீடுகள்

1876 ஏப்ரலில் பிறந்த தாது வருஷத்தில் சென்னை மாகாணத்தில் மூண்ட பஞ்சம், அடுத்து வந்த ஈசுவர வருஷத்தையும் விழுங்கி 1878 வரை நீடித்தது. அது விட்டுச்சென்ற குடும்பங்களில் ஒருவகை, பெரியவர் எவரும் இல்லாமல் பிள்ளைகள் மட்டும் எஞ்சிய வீடு. பத்துப் பன்னிரண்டு வயது அக்காளோ அண்ணனோ தலைப்பிள்ளையாக நின்று தம்பி தங்கைகளுக்குக் கூழ் தேடியது அக்காலத்தில் ஓரிரு ஊர்களின் கதையாக இருக்கவில்லை. தாய் மட்டும் பிழைத்துக் கைக்குழந்தையோடு நின்ற வீடுகளும் ஏறத்தாழ இதே நிலையில்தான் இருந்தன. இத்தகைய குடும்பங்கள் வறுமையை எவ்வாறு எதிர்கொண்டன, எந்த இடத்தில் சிதறின என்ற கேள்விக்கு விடை காண உறவு, தொழில், கடன், நிவாரணம், மதநிறுவனம், புலம்பெயர்வு ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1876-இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. அதைத் தொடர்ந்து வடகிழக்குப் பருவமழையும் கைவிட்டது. மறு ஆண்டுக் கோடைக்குள் சேலம், கோயம்புத்தூர், வட ஆர்க்காடு, செங்கல்பட்டு மாவட்டங்களின் புன்செய்க் காடுகளில் கம்பும் சோளமும் கேழ்வரகும் இல்லாமற் போயின. தானியம் எங்குமே இல்லை என்று சொல்ல முடியாது. ரயிலில் வந்து இறங்கியது. வணிகர் கிடங்குகளில் இருந்தது. விலைதான் கூலிக்காரர் கைக்கு எட்டவில்லை. விளைச்சல் இல்லாத ஆண்டில் வயல் வேலையும் இல்லை என்பதால், விலை ஏறிய அதே மாதங்களில் கூலி அறவே நின்றது. நிலமற்ற குடும்பங்கள் முதலில் விழுந்தது இதனால்தான்.

பசியால் மட்டும் மனிதர் சாகவில்லை. இளைத்த உடலில் காலராவும் பெரியம்மையும் வயிற்றுக்கடுப்பும் காய்ச்சலும் புகுந்தன. 1877-இல் மாகாணத்தில் பதிவான சாவுகள் 15 லட்சத்தைத் தாண்டின. அவற்றில் காலராவால் மட்டும் ஏறத்தாழ மூன்றரை லட்சம். பதிவாகாதவை இதற்கு மேல். 1871-இல் 19 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் இருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை 1881 கணக்கெடுப்பில் சுமார் 16 லட்சமாக இறங்கியிருந்தது. இப்பஞ்சத்தில் ஆண்களைவிடப் பெண்கள் சற்றுக் கூடுதலாகத் தப்பிப் பிழைத்தனர் என்பதை மக்கள்தொகை ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். வேலை தேடிப் புறப்பட்ட ஆண்களில் பலர் வழியிலோ முகாமிலோ இறந்தனர். சிலரைப் பற்றி வீட்டுக்குச் செய்தியே வரவில்லை. தகப்பன் இறந்தானா பிழைத்தானா என்று தெரியாமலேயே பல குடும்பங்கள் ஆதரவற்றவையாயின. தாயும் காலராவில் போனபின் எஞ்சியது பிள்ளைகளின் கூட்டம் மட்டுமே.

இக்குடும்பங்களைப் பற்றி அறிய உதவும் ஆவணங்கள் பெரும்பாலும் எண்ணிக்கைகளே. மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் எழுதிய அறிக்கைகள், பத்திரிகையாளர் வில்லியம் டிக்பி 1878-இல் வெளியிட்ட இரண்டு தொகுதி நூல், 1880-இல் வந்த பஞ்ச ஆணைய அறிக்கை ஆகியவை முதன்மையானவை. ஹூப்பர் என்ற படை அதிகாரி எடுத்த புகைப்படங்களில் எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள் பெயரில்லாமலேயே நிற்கின்றன. தமிழ்ப் பக்கத்தில் சிவகங்கைப் பகுதியின் வில்லியப்ப பிள்ளை பாடிய ‘பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்’ ஊரின் நிலைகுலைவைக் காட்டுகிறது. பெற்றோரை இழந்த பிள்ளை ஒன்று தன் வாயால் சொன்ன சொல் இந்தப் பதிவுகளில் கிடைப்பது மிக அரிது. ஆகவே அவர்கள் வாழ்வை, அவர்களைச் சுற்றியிருந்த ஏற்பாடுகளின் வழியாகவே அறிய முடிகிறது.

முதல் ஏற்பாடு உறவு. தமிழ்நாட்டுக் குடியானவர் வழக்கில் தகப்பனற்ற பிள்ளைகள்மீது இரு பக்கம் உரிமையும் கடமையும் உண்டு. தகப்பன் வழிப் பங்காளிகள் நிலத்திலும் வீட்டிலும் பங்குடையவர்கள். ஆகையால் பிள்ளைகளை வைத்துக் காப்பாற்றுவதோடு சொத்தையும் தம் கைக்குள் கொண்டுவர அவர்களுக்குக் காரணம் இருந்தது. தாய்மாமனுக்குச் சொத்தில் பங்கில்லை. காதுகுத்து முதல் கல்யாணம்வரை சீர் செய்யும் கடமையும், அக்காள் மகளைத் தானோ தன் மகனோ மணக்கும் முறையும் மட்டுமே உண்டு. நல்ல காலத்தில் இந்த இருவரின் போட்டியே பிள்ளைகளுக்குக் காவலாக இருந்தது: பங்காளி ஏமாற்றினால் மாமன் பஞ்சாயத்தைக் கூட்டுவார். பஞ்சத்தில் இந்தக் காவல் குலைந்தது. மாமன் வீட்டிலும் அடுப்பு எரியாதபோது, ஒரு பிள்ளையை மாமனும் இன்னொன்றைச் சித்தப்பனும் மூன்றாவதை அத்தையும் எடுத்துக்கொண்டனர். இதில் கொடுமை எதுவும் இல்லை. ஒரு வீட்டில் மூன்று வாய் கூடுவதைவிட மூன்று வீட்டில் ஒவ்வொரு வாய் கூடுவது தாங்கக்கூடியது. ஆனால் உடன்பிறந்தவர்களின் பிரிவு அங்கேயே தொடங்கிவிட்டது. கைம்பெண் மறுமணம் வழக்கத்தில் இருந்த சாதிகளில் தாய் வேறொருவருடன் போகும்போது, முதல் கணவனின் பிள்ளைகள் பங்காளி வீட்டில் விடப்படுவதும் இதே விளைவைத் தந்தது.

உறவு கைவிட்ட இடத்தில் சிறு பிழைப்புகள் இருந்தன. அறுவடை முடிந்த வயலில் கதிர் பொறுக்குவது, களத்துமேட்டில் சிந்திய நெல்லைக் கூட்டி எடுப்பது, சாணி பொறுக்கி வரட்டி தட்டுவது, சுள்ளி ஒடித்து விற்பது ஆகியவை ஏழைப் பிள்ளைகளுக்கு ஊர் விட்டுவைத்த வேலைகள். கைம்பெண்களுக்கு இவற்றைவிடப் பெரிய துணையாக ஒரு காலத்தில் இராட்டை இருந்தது. வீட்டை விட்டு வெளியேறாமல், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே நூல் நூற்று நெசவாளருக்கு விற்கலாம். நிலமோ உடல் வலுவோ அதற்குத் தேவையில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் இங்கிலாந்து ஆலை நூல் தமிழ்நாட்டுச் சந்தைகளை நிறைத்ததும் இந்த வருமானம் அற்றுப்போனது. கைத்தறி தாக்குப்பிடித்தது, கைநூற்பு தாக்குப்பிடிக்கவில்லை. ஆலை நூலின் வரவைப் பேசும் வரலாறுகள் நெசவாளரை நினைத்த அளவு இந்தக் கைம்பெண்களை நினைக்கவில்லை. தாதுப் பஞ்சம் வந்தபோது ஆதரவற்ற குடும்பத்தின் கையில் மிஞ்சியிருந்தது உடலுழைப்பு ஒன்றே. அதையும் கேட்பார் இல்லை.

பஞ்சத்து மாதங்களில் காடே களஞ்சியமாயிற்று. காட்டுக் கிழங்கு, கற்றாழைக் குருத்து, ஆலம்பழம், வறுத்த புளியங்கொட்டை என்று கிடைத்ததையெல்லாம் தின்றனர். எறும்பு வளைகளைத் தோண்டித் தானியம் எடுத்த செய்தி இன்றும் கிராமங்களில் வாய்வழியாகச் சொல்லப்படுகிறது. பனை நிறைந்த திருநெல்வேலிச் சீமையில் பனங்கிழங்கும் கருப்பட்டியும் சிலரைக் காத்தன. எந்தக் கிழங்கு நஞ்சு, எதை எத்தனை முறை கொதிக்கவைத்து நீரை இறுத்துத் தின்ன வேண்டும் என்பதெல்லாம் பெரியவர்களின் அறிவு. பெரியவர் இல்லாத வீட்டில் உணவோடு அந்த அறிவும் இல்லை.

நிலம் இருந்த குடும்பங்களின் அனாதைப் பிள்ளைகள் பாதுகாப்பாக இருந்தனர் என்று எண்ணுவதும் தவறு. உழவரிடம் அரசு நேரடியாகத் தீர்வை வாங்கிய ரயத்துவாரி முறையில் பட்டாதாரர் இறந்தாலும் தீர்வை நின்றுவிடாது. பஞ்ச ஆண்டுக்கு வரித் தள்ளுபடி உண்டு என்றாலும், அதைக் கேட்டு வாங்க மணியக்காரரிடமும் கர்ணத்திடமும் போய் நிற்க ஓர் ஆள் வேண்டும். 1864-ஆம் ஆண்டு வருவாய் வசூல் சட்டப்படி பாக்கிக்காக நிலத்தை ஏலம் விடலாம். அதோடு தகப்பன் வாங்கிய கடனும் பிள்ளைகளைத் தொடர்ந்தது. அறமற்ற காரியத்துக்கு வாங்கியதல்லாத கடனைத் தகப்பனுக்காக மகன் தீர்ப்பது இந்து சட்டத்தில் புனிதக் கடமையாகக் கருதப்பட்டது. 1874-இல் பிரிவி கவுன்சில் வழங்கிய தீர்ப்பு, அத்தகைய கடனுக்குப் பூர்விகச் சொத்து பொறுப்பாகும் என்பதை உறுதிசெய்தது. இரண்டு ஏக்கர் மானாவாரி நிலமும் ஒரு கடன் பத்திரமும் வைத்துவிட்டுத் தகப்பன் இறந்தால், பிள்ளைகளின் கையில் கடைசியில் நிற்பது பத்திரம்தான். இதே மாகாணத்தில் 1804 முதலே ‘கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்’ இயங்கியது. வயது வராத ஜமீன் வாரிசின் நிலத்தையும் கல்வியையும் அது கவனித்துக்கொண்டது. ஜமீனுக்குத் தகப்பனாக நின்ற அரசு, சிறு பட்டாவுக்கு அப்படி நிற்கவில்லை.

நிலமற்றவர்களுக்கு, குறிப்பாகத் தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்ட சாதிகளுக்கு, கடன் வேறு உருவில் வந்தது. தகப்பன் பண்ணையாளாக இருந்து கல்யாணத்துக்கோ சாவுக்கோ முன்பணம் வாங்கியிருந்தால், அவன் இறந்தபின் மகன் அதே பண்ணையில் மாடு மேய்க்கச் சேர்ந்தாக வேண்டும். ஆண்டுக்குச் சில மரக்கால் தானியமும் தினம் ஒரு வேளைக் கூழும் ஒரு துண்டுத் துணியும் அவனுக்குக் கிடைக்கும். கடன் அதில் கழியாது. 1843-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைமுறைக்குச் சட்ட அங்கீகாரத்தை நீக்கியிருந்தது. 1862-இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம் மனிதரை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியிருந்தது. பதினேழாம் நூற்றாண்டுப் பஞ்சங்களில் நாகப்பட்டினம், பழவேற்காடு துறைகளிலிருந்து டச்சுக்காரர் ஆயிரக்கணக்கான மனிதரை இலங்கைக்கும் பட்டாவியாவுக்கும் அடிமைகளாக ஏற்றிச் சென்றது போன்ற வெளிப்படையான வாணிகம் தாதுப் பஞ்சத்தில் இல்லை. ஆயினும் கூழுக்காகப் பிள்ளையைப் பண்ணையில் விடுவதும், சிறுமியை யாரிடமாவது ஒப்படைப்பதும் சட்டத்தின் கண்ணுக்குப் படாமல் தொடர்ந்தன. அங்கே ஒரு வேளைக் கூழ் உறுதி என்பதால் பலர் உயிர் பிழைத்தனர் என்பதையும் மறுக்க இயலாது. அந்த உயிருக்கு அவர்கள் கொடுத்த விலை மீதி வாழ்நாள்.

ஆதரவற்ற பிள்ளைகளுக்குப் பொது ஏற்பாடு என்ற எண்ணம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் தம் சத்திரங்களில் நடக்கும் தர்மங்களை விவரிக்கிறார். சத்திரத்துக்கு வந்து இறந்துபோகும் வழிப்போக்கரின் பிள்ளைகளை வாத்தியாரின் பொறுப்பில் வைத்து, மூன்று வேளை உணவு தந்து, நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, நோய்க்கு மருந்தும் உடுக்கத் துணியும் கொடுத்து, வளரும்வரை கல்வி கற்பிக்கும் ஏற்பாடு அதில் சொல்லப்படுகிறது. எண்ணெய்க் குளியல் வரை நினைத்துப் பார்த்த ஓர் ஏற்பாடு அது. பின்னர் வந்த அரசு நிவாரண விதிகளில் பிள்ளை வளர்ப்பின் இந்தக் கவனம் காணப்படவில்லை. சென்னை நகரில் 1780-களில் தோன்றிய அனாதை இல்லங்கள் பெரும்பாலும் ஐரோப்பியப் படைவீரர்களின் பிள்ளைகளுக்கானவை. ஆண்ட்ரூ பெல் அங்கேதான் மாணவரைக் கொண்டு மாணவருக்குக் கற்பிக்கும் ‘சென்னை முறை’யை உருவாக்கினார். அதே காலத்துப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம் தாதுப் பஞ்சத்தின்போதும் ஆதரவற்றோரின் புகலிடமாக இருந்தது. கிராமத்துப் பிள்ளை அங்கே வந்துசேரப் பல நாள் நடக்க வேண்டும்.

அரசின் நிவாரணம் இரண்டு வகையில் நடந்தது: வேலை செய்யக்கூடியவருக்குக் கூலி, செய்ய முடியாதவருக்குக் கஞ்சியோ காசோ. 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், செலவைக் குறைப்பதையே நோக்கமாகக் கொண்டு, ஆண் கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும், அதாவது சுமார் 450 கிராமும், ஒரு சிறு காசும் என்று வெட்டினார். பெண்ணுக்கும் வேலை செய்யும் பிள்ளைக்கும் அதிலும் குறைவு. நாள் முழுதும் மண் சுமப்பவர் இந்த உணவில் உயிர் வாழ முடியாது என்று கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். ஒன்றரைப் பவுண்டு தானியமும் அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். சில மாதங்களில் மாகாண அரசு அளவைச் சற்று உயர்த்தியது. இதற்கிடையில் இறந்தவர்களுக்கு அந்த உயர்வு எட்டவில்லை. டெம்பிளின் கணக்கை இன்று படிப்பவருக்கு அதில் உள்ள பெரிய பிழை தெளிவாகத் தெரியும்: அது உழைக்கும் உடலை மட்டும் எண்ணியது. பன்னிரண்டு வயது அக்காள் மண் கூடை சுமந்து பெறும் பிள்ளைக் கூலி அவளுக்கே போதாது. அதில் இரண்டு தம்பிகள் வாழ வேண்டும். வேலைத்தலம் ஊரிலிருந்து வெகு தூரத்தில் இருந்தால், தம்பிகளைத் தனியே விடுவதா, கூலியை விடுவதா என்று அவள் முடிவெடுக்க வேண்டும்.

இலவச நிவாரணத்தின் முகம் கஞ்சித்தொட்டி. பெரிய தொட்டிகளிலும் அண்டாக்களிலும் காய்ச்சிய கஞ்சியை வரிசையில் உட்காரவைத்து ஊற்றினார்கள். 1877 ஆகஸ்டு, செப்டம்பரில் மாகாணத்தில் நிவாரணம் பெற்றோர் 20 லட்சத்தைத் தாண்டினர். தனிமனிதர் நடத்திய தொட்டிகளும் பல. மாயூரத்தில் முன்பு முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோருக்குச் சோறிட்டதை நெகிழ்ந்து கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மீது பாட்டே பாடினார். முகாமுக்குள் ஒரு கஞ்சி வேளை தவறாமல் கிடைத்தது உண்மை. கூட்டம் கூடிய அதே இடத்தில் காலராவும் கூடியது என்பதும் உண்மை. சாதி இங்கும் குறுக்கே நின்றது. பிறர் சமைத்ததை உண்ண மறுத்து உயிர்விட்டவர்கள் ஒருபுறம். ஊர்த் தலைவர் கையில் இருந்த காசு உதவி சேரிக்கு வந்துசேராமல் தவித்தவர்கள் மறுபுறம். பெற்றோரற்ற சேரிப் பிள்ளைக்காகப் பேச ஊர்ச்சாவடியில் எவரும் இல்லை.

1877 ஆகஸ்டில் ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபு லண்டனுக்கு அனுப்பிய தந்தியைத் தொடர்ந்து அங்கே மேன்ஷன் ஹவுஸ் நிதி திரட்டப்பட்டது. சில மாதங்களில் 6 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. அரசு எட்டாத தேவைகளுக்கு அந்தப் பணம் போனது: விதைத் தானியம், உழவு மாடு, கூரை வேய ஓலை, பெண்களுக்குச் சேலை, அனாதைப் பிள்ளைகளின் பராமரிப்பு. சேலை இல்லாமல் குடிசையை விட்டு வெளியே வர முடியாதிருந்த பெண்களுக்கு அது கிடைத்த பின்புதான் வேலைத்தலத்துக்கே போக முடிந்தது. உயிர் பிழைத்த சிறு குடும்பத்துக்கு ஓர் ஏர் மாடு என்ன பொருள் தரும் என்பதை இந்த நிதி புரிந்துகொண்டிருந்தது. பஞ்ச நிவாரணத்தில் குடும்பம் மீண்டும் எழுந்து நிற்பதைப் பற்றி யோசித்த பகுதி இது ஒன்றுதான்.

அனாதைப் பிள்ளைகளைத் தேடித் தாமாகவே வந்தவை கிறிஸ்தவச் சபைகள். திருநெல்வேலிச் சீமையில் நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயர் பஞ்சத்தில் தாய் தந்தையரை இழந்த பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தார். தச்சும் தையலும் போன்ற தொழில்களைக் கற்பிக்க அங்கே 1878-இல் தோன்றிய தொழிற்பள்ளி பின்னாளில் பெயர்பெற்றது. ஏழைப் பிள்ளைக்கு நிலம் இல்லாவிட்டாலும் கையில் ஒரு தொழில் வேண்டும் என்ற தெளிவு அதில் இருந்தது. பஞ்சத்தை ஒட்டிப் பல்லாயிரவர் மதம் மாறினர். இது கஞ்சிக்காக நிகழ்ந்ததா என்ற கேள்வி அன்றே எழுந்தது. தெலுங்கு நாட்டில் ஓங்கோலில் இருந்த ஜான் கிளஃப், பக்கிங்ஹாம் கால்வாய் வெட்டில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துப் பசித்தவர்களுக்கு வேலை கொடுத்தவர். அந்தச் சந்தேகத்துக்கு இடம் தராதிருக்கப் பஞ்ச வேலை நடந்தவரை திருமுழுக்கு கொடுப்பதை நிறுத்திவைத்தார். 1878 ஜூலை 3-ஆம் நாள் ஒரே நாளில் 2,222 பேர் திருமுழுக்குப் பெற்றனர். சபை இல்லங்களில் பிள்ளைகள் உண்டனர், எழுத்தறிந்தனர். பல தலைமுறைகளாகப் பள்ளிப் படியை மிதிக்க விடப்படாத சாதிகளின் பிள்ளைகள் ஆசிரியர்களாயினர். அதே இல்லங்களில் ஆண் பிள்ளையும் பெண் பிள்ளையும் வெவ்வேறு வளாகங்களில் வளர்ந்ததால் அண்ணன் தங்கை உறவு அறுந்தது. பின்னர் தேடிவந்த மாமனுக்கும் இல்லத்துக்கும் பிள்ளை யாருக்குரியது என்ற வழக்குகளும் எழுந்தன.

இன்னொரு வழி கடல் கடந்து போனது. 1877-இல் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழ் மாவட்டங்களிலிருந்து இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குச் சென்றனர். ஊருக்கு வந்து ஆள் சேர்த்த கங்காணி பெரும்பாலும் அதே ஊர்க்காரர், சில வேளை உறவினர். முன்பணம் கொடுத்து, தோணியேற்றி, மன்னாரிலிருந்து காட்டுவழியே மலைநாடு வரை நடத்திச் சென்றார். அந்த வழியில் இறந்தவர்கள் ஏராளம். ஒரு விஷயத்தில் கங்காணி மற்றவர்களிடமிருந்து வேறுபட்டார்: அவர் குடும்பமாகவும் ஆள் சேர்த்தார். சிறுவர்களுக்கும் தோட்டத்தில் வேலை இருந்தது என்பதால், அண்ணன் தம்பி அக்காள் தங்கை என்று எல்லோரும் தோட்டத்தின் வரிசைக் குடியிருப்பான ஒரே லயத்தில் வாழ முடிந்தது. உடன்பிறந்தவர்களைச் சேர்த்துவைத்தது அங்கே கடன்தான். ‘துண்டு’ எனப்பட்ட சீட்டில் எழுதிய தொகையைத் தீர்க்காமல் எவரும் தோட்டம் மாற முடியாது. இறந்தவர் பற்றும் உயிரோடிருப்பவர் கணக்கில் ஏறும். அந்த முறை 1921-இல்தான் சட்டப்படி ஒழிந்தது. காப்பி இலை நோயில் அழிந்து தேயிலை வந்த பின்னும் லயமும் பற்றும் தொடர்ந்தன.

பஞ்சம் முடிந்ததும் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையிலான ஆணையம் 1880-இல் அறிக்கை தந்தது. அதன் வழியில் மாகாணங்களுக்குப் பஞ்ச விதித்தொகுப்புகள் உருவாயின. பெற்றோரற்ற பிள்ளைகள் அவற்றில் தனி இடம் பெற்றனர்: பஞ்ச காலம் முழுதும் அவர்கள் அரசின் பொறுப்பு, முடிந்தபின் உறவினரைத் தேடி ஒப்படைக்க வேண்டும், உறவினர் கிடைக்காவிட்டால் அதே மதத்தினரிடமோ அவர்களின் நிறுவனத்திடமோ கொடுக்க வேண்டும். சபை இல்லங்களைச் சுற்றி எழுந்த பூசல்களே இந்தக் கடைசி விதிக்குக் காரணம். விதி நல்லதுதான், ஆனால் அதில் பிள்ளை தனி ஆளாகவே எண்ணப்பட்டது. மூன்று உடன்பிறந்தவர்களை மூன்று இடத்தில் ஒப்படைத்தாலும் விதி மீறப்பட்டதாகாது. டெம்பிள் எண்ணியது உழைப்பாளியை, கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் எண்ணியது சொத்தை, விதித்தொகுப்பு எண்ணியது அனாதையை. தலைப்பிள்ளையின் கீழ் ஒன்றாக நிற்க முயன்ற வீடு எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அரைக் கூலிக்குப் பதில் முழுக் கூலியும், கடனுக்கு ஓர் ஆண்டுத் தவணையும், தாய்மாமன் வீட்டுக்கு ஒரு மரக்கால் தானிய உதவியும் கிடைத்திருந்தால் ஒன்றாகவே நின்றிருக்கக்கூடிய வீடுகள் பல.

அடுத்து வந்த சட்டங்கள் துண்டு துண்டாக இந்தக் குறைகளைத் தொட்டன. 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம் வயது வராதவரின் உடலுக்கும் உடைமைக்கும் நீதிமன்றம் காப்பாளரை நியமிக்க வழிசெய்தது. வழக்காட வசதியுள்ளவருக்கே அது பயன்பட்டது. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கை பண்ணையாள்களின் கடனையும் நிலமின்மையையும் வெளிக்கொணர்ந்து, தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணைக்கு வழிவகுத்தது. 1920-இல் சென்னைக் குழந்தைகள் சட்டம் வந்தது. 1937-இல் கைம்பெண்ணுக்குக் கணவன் சொத்தில் பங்கு கிடைத்தது. முதலில் விவசாய நிலம் அதில் சேரவில்லை. 1952-இல் தஞ்சைப் பண்ணையாள்களுக்கு வேலைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. தகப்பன் வாங்கிய முன்பணத்துக்காக மகன் பண்ணையில் உழைக்கும் கட்டாயத்தை 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழிலாளர் ஒழிப்புச் சட்டம் இந்தியா முழுவதற்கும் செல்லாததாக்கியது. அந்தக் கடன்களையும் அதுவே தீர்ந்தவையாக அறிவித்தது.